ஒயர் உரசும் சத்தம்: ஒயரை மாற்றுவதா, மாட்டும் விதத்தை மாற்றுவதா?

குழித்துறைக்காரன்:
தினமும் குழித்துறையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் போய் வருகிறேன். இயர்போன் ஒயர் சட்டைக் காலரில் படும்போதெல்லாம் காதுக்குள் கரகர என்கிறது. பாட்டு என்றால் பரவாயில்லை, பேச்சு கேட்டால் எரிச்சல். ஒரு கடையில் கேட்டேன். ஆக்சிஜன் இல்லாத செம்பு ஒயர் போட்டால் சரியாகும் என்று 900 ரூபாய்க்கு ஒன்றை எடுத்துக் காட்டினார். என் இயர்போனில் ஒயரைக் கழற்றவே முடியாது, அதைக்கூட அவர் பார்க்கவில்லை. கையில் 1500 ரூபாய் இருக்கிறது. என்ன செய்யலாம்?

தக்கலை ஒலிப்பித்தன்:
அந்த 900 ரூபாய் பையிலேயே இருக்கட்டும். முதலில் ஒரு சோதனை. இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஜாக்கை போனிலிருந்து பிடுங்கிவிடுங்கள். இப்போது ஒயரை நகத்தால் சுரண்டுங்கள். சத்தம் கேட்கிறதா? அப்படியானால் அதில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. சின்ன வயதில் தீப்பெட்டியில் நூல் கட்டிப் போன் பேசுவோமே, அதேதான். உரசலின் அதிர்வு ஒயர் வழியாக ஏறி, அடைத்த காதுக்குள் போய் இறங்குகிறது. உள்ளே இருக்கும் செம்பு எத்தனை சுத்தம் என்பது இதில் எதையும் மாற்றாது. மேலே இருக்கும் உறைதான் விஷயம். விறைப்பான ஒயரும் துணி பின்னிய சொரசொரப்பான ஒயரும் அதிகம் கத்தும். வழவழப்பாக, தொய்வாக விழும் ஒயர் குறைவாகக் கத்தும்.

காசில்லாத வைத்தியம்: ஒயரைக் காதுக்கு மேலே சுற்றி, பின்பக்கமாக இறக்குங்கள். அதிர்வைக் காது மடலே பெருமளவு விழுங்கிவிடும். அப்புறம் நெஞ்சருகே சட்டையில் ஒரு கிளிப். இரண்டு ஒயரும் சேரும் இடத்தில் வளையம் இருந்தால் அதைத் தாடைக்குக் கீழே ஏற்றிவிடுங்கள். 1991-இல் வந்த எட்டிமோட்டிக் ஈஆர்4 விலை உயர்ந்த இயர்போன், காதுக்குள் ஆழமாகப் போகும். ஒயர் சத்தத்துக்கும் அது பேர்போனது. அதன் பெட்டியிலேயே சட்டை கிளிப் வைத்துத்தான் கொடுத்தார்கள்.

நீலப்பல்:
இத்தனை சர்க்கஸ் எதற்கு மக்கா? 1500 ரூபாய்க்கு ஒயரே இல்லாத பட்ஸ் கிடைக்கிறது. ஒயர் இல்லை, உரசல் இல்லை. கதை முடிந்தது.

குலசேகரம் ரப்பர்:
முடியாது தம்பி. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவன் நான். இருட்டில் சருகு மேல் ஒரு பட்ஸ் விழுந்தால் அதைத் தேடுவதற்குள் பால் ஓட்டம் நின்றுவிடும். இன்னொன்று, நான் கேட்பது நாகர்கோவில் வானொலி. போனில் இருக்கும் எஃப்.எம்.முக்கு இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா. ஒயரைச் செருகாமல் அது எடுக்காது. காட்டில் ஒரு காதில்தான் மாட்டுவேன். பன்றி வருவது மறு காதுக்குக் கேட்கணும்.

நீலப்பல்:
அண்ணாச்சிக்கு வேண்டுமானால் அது சரி. கேட்டவர் பேருந்தில் போகிறவர்தானே. விழும் என்று பயமாக இருந்தால் கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் வாங்கட்டும்.

தக்கலை ஒலிப்பித்தன்:
நெக்பேண்டிலும் கழுத்திலிருந்து காதுவரை ஒயர்தான் போகிறது. காலரில் அதுவும் உரசும். சரி, பட்ஸையே எடுத்துக்கொள்வோம். ரப்பர் முனை போட்டுக் காதை அடைத்தால் உங்கள் காலடிச் சத்தம், மெல்லும் சத்தம், சொந்தக் குரல் எல்லாம் உள்ளே கும்மென்று கேட்கும். எலும்பு வழி வரும் தாழ்ந்த ஒலி வெளியேற வழியில்லாமல் காதுக் குழாயில் தங்கிவிடுகிறது. ஒயர் சத்தம் பெரிதாகத் தெரிவதற்கும் அதே அடைப்புதான் காரணம். அடைப்பைத் தளர்த்தினால் பாட்டில் பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, போய்விடும். ஒயர் இல்லாததால் ஒரு சத்தம் போகிறது, எல்லாம் போகவில்லை.

நீலப்பல்:
காலடிச் சத்தமா! அவர் பேருந்தில் உட்கார்ந்துதானே போகிறார்?

முட்டம் கடற்கரை:
சிரிப்பு வந்துவிட்டது. 😀 ஆனால் புதிதாக வாங்கினால் எது என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே.

தக்கலை ஒலிப்பித்தன்:
காதுக்கு மேலே சுற்றும்படியே செய்த, ஒயர் கழற்றக்கூடியதாகப் பாருங்கள் அக்கா. கே.இசட். என்ற சீன நிறுவனத்தின் மாடல்கள் பல இந்தப் பட்ஜெட்டுக்குள் வரும். கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்றால் மூன்ட்ராப் சூ 2, செவன்ஹெர்ட்ஸ் சால்னோட்ஸ் ஜீரோ. முதலில் வந்த சூவில் ஒயர் கழலாது, சூ 2-இல் கழலும். வாங்கும்போது பெயரைச் சரியாகப் பாருங்கள். ஒயர் செத்தால் ஒயரை மட்டும் மாற்றலாம், அதுதான் லாபம்.

முட்டம் கடற்கரை:
இங்கேதான் எனக்கு ஒத்துப்போகவில்லை தம்பி. கழற்றுகிற இடம்தான் முதலில் கெடுகிற இடம். எங்கள் ஊர் உப்புக் காற்றில் சன்னல் கம்பியே தாங்காது, ஒயரைச் செருகும் இந்தப் பொடிப் பின் எம்மாத்திரம்? வியர்வையும் சேர்ந்தால் பின்னில் களிம்பு ஏறும், ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்கும். அதில் வரும் கரகரப்பு வேறு, அது நிஜமாகவே மின்தொடர்பில் வருவது. என்னிடம் இருக்கும் ஒளி ஊடுருவும் ஒயரில் உள்ளே செம்பு பச்சையாகிவிட்டது. கடலோரத்தில் இருப்பவர்கள் 500 ரூபாய்க்குள் ஒயர் பதித்த சாதாரணமானதை வாங்கி, கெட்டால் வேறு வாங்குவதுதான் புத்தி.

தக்கலை ஒலிப்பித்தன்:
தொடர்பில் கரகரப்பு வந்தால் கழற்றித் துடைக்கலாமே. பதித்த ஒயரில் அதுகூட முடியாது. மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு வையுங்கள். இரண்டு மழையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது.

முட்டம் கடற்கரை:
ஒன்றரை ஆயிரம் ரூபாய் பொருளுக்குச் சீராட்டு வேறு!

ஹாஸ்டல் மாடி:
நடுவில் என் கதை. எனக்கு உரசாமலேயே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல், லேப்டாப்பில் மட்டும்.

தக்கலை ஒலிப்பித்தன்:
சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் மின்சாரம் வழியாக வருவது. மூன்று கால் பிளக்கை இரண்டு கால் அடாப்டரில் செருகியிருந்தால் எர்த் கிடைக்காது, அதை மாற்றுங்கள். மெல்லிய 'உஸ்' என்று எப்போதும் கேட்டால் அது வேறு: லேப்டாப்பின் சொந்த இரைச்சலை உணர்திறன் கூடிய இயர்போன் காட்டிக்கொடுக்கிறது.

குழித்துறைக்காரன்:
ஜாக்கைப் பிடுங்கிச் சுரண்டினேன், சத்தம் அப்படியே இருக்கிறது. மேலே சுற்றினால் பெருமளவு குறைகிறது. ஆனால் ஒயரில் இருக்கும் மைக் காதோரம் ஏறிவிட்டதால் போனில் எதிர்முனையில் இருப்பவருக்கு என் குரல் கேட்கவில்லையாம். இடது வலதும் மாற்றிப் போட வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் காதில் நிற்கவில்லை.

தக்கலை ஒலிப்பித்தன்:
பேச்சு கேட்க இடம் வலம் மாறினால் ஒன்றும் கெடாது. போன் வந்தால் மைக்கைக் கையில் பிடித்துப் பேசுங்கள். கிளிப் போட்டாயிற்றா?

நீலப்பல்:
மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, சட்டையில் கிளிப், இடம் வலம் மாறி... மக்கா, நான் சொன்னதை இன்னொரு தடவை யோசித்துப் பாரும்.

குழித்துறைக்காரன்:
கிளிப் இன்று வாங்குகிறேன். அடங்கினால் 1500 ரூபாய் மிச்சம். அடங்காவிட்டால் கே.இசட். பார்க்கிறேன். ஆனால் என் காது சின்னது, அந்தச் சிப்பி மாதிரி இருக்கும் உடம்பு உள்ளே உட்காருமா?

முட்டம் கடற்கரை:
அது மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். திருப்பி எடுத்துக்கொள்ளும் இடத்தில் வாங்குங்கள், உடன் வரும் ரப்பர் முனைகளில் சின்னதிலிருந்து தொடங்கிப் போட்டுப் பாருங்கள்.