நல்லசிவத்துக்குப் பக்கத்து இருக்கை

‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் போன காட்சியில் பாதி இருக்கைகள் காலி. மழையால் விமானங்கள் ரத்தாகிப் புவனேஸ்வரத்தில் மாட்டிக்கொண்ட விளம்பரப் பட இயக்குநர் மாதவனும், வாய் ஓயாத நல்லசிவமாக வரும் கமலும் ரயிலும் பஸ்ஸுமாகச் சென்னைக்குத் திரும்பும் கதை. மதனின் வசனங்களுக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். மாதவன் முகம் சுளிக்கும் இடங்களில்தான் அதிகம் சிரித்தேன்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு, சென்னை விமான நிலையத்தில் வெள்ளம் புகுந்ததால் என் விமானத்தைப் பெங்களூருவில் இறக்கிவிட்டார்கள். வளசரவாக்கத்தில் அம்மா தனியாக இருந்தார். தொலைபேசி கிடைக்கவில்லை. மறுநாள் காலை வேலூர் பஸ்ஸில் இடம் பிடித்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் பெரிய எவர்சில்வர் தூக்கு. மகளின் வளைகாப்புக்கு முறுக்கு கொண்டுபோகிறாராம். ஓசூர் தாண்டுவதற்குள் மகளின் படிப்பு, மாப்பிள்ளையின் வேலை, தன் முழங்கால் வலி எல்லாம் சொல்லி முடித்தார். “கொஞ்சம் பேசாமல் வருகிறீர்களா?” என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வி இன்றும் என்னைக் குத்துகிறது. அவர் “சரி தம்பி” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆம்பூர் அருகே வண்டிகள் வரிசைகட்டி நின்றன. பின்னிருக்கையில் ஒரு குழந்தை பசியில் அழுதது. பெரியவர் தூக்கின் வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்தார். இறுகிப்போன மூடியைச் சாவியால் நெம்பித் திறந்தார். எள் மணத்தோடு கைமுறுக்கு, ஒவ்வொன்றும் ஏழு சுற்று. குழந்தைக்குக் கொடுத்தார், ஓட்டுநருக்குக் கொடுத்தார், என் கையிலும் இரண்டு வைத்தார். வளைகாப்புச் சீர் பாதியாகிவிட்டது.

பஸ் வேலூரோடு நின்றது. ஏடிஎம்மில் பணம் இல்லை. என் பையில் அட்டைகள் மட்டுமே இருந்தன. காய்கறி லாரிக்காரரிடம் பேசி, இருவருக்குமாக 400 ரூபாயைப் பெரியவரே கொடுத்தார். தார்ப்பாய்க்குக் கீழே கோஸ் மூட்டைகள் மேல் உட்கார்ந்து வந்தோம். இப்போது நான்தான் பேசினேன். அம்மாவைப் பற்றி, பயத்தைப் பற்றி. அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.

பூந்தமல்லியில் முழங்கால் அளவு தண்ணீர். தூக்கைத் தலையில் வைத்துக்கொண்டு மாங்காட்டுப் பக்கம் நடந்தார். நான் அம்மாவிடம் போய்ச் சேர இருட்டிவிட்டது. அவர் மாடியில் அண்டை வீட்டாரோடு பத்திரமாக இருந்தார்.

லாரியில் வரும்போது பெரியவரின் தொலைபேசி எண்ணை வாங்கி ஒரு டிக்கெட்டின் பின்புறம் எழுதியிருந்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் இணைப்பு கிடைத்தது. பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

“முறுக்கு நமுக்கவே இல்லை தம்பி” என்றார்.