காய்ச்சலே இல்லாமல் வந்த நிமோனியாவைப் பார்த்திருக்கிறீர்களா?

மாரண்டஅள்ளியான்

நிமோனியா என்றால் கொதிக்கும் காய்ச்சலும் விடாத இருமலும் இருக்கும் என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்தது. என் அம்மாவுக்கு அந்த இரண்டுமே இல்லை. 78 வயதானவர், முதல் நாளிலிருந்து களியைத் தொடவில்லை. படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டது. என்னை, இறந்துபோன தாய்மாமனின் பெயரைச் சொல்லி அழைத்தார். பார்க்க வந்த உறவினர்கள், "வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது, இனி இப்படித்தான்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்.

தருமபுரி அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் மருத்துவர், ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பாகவே அம்மாவின் வயிற்றின் மீது கையை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுவதும் பேசாமல் நின்றார். பிறகு, "பாட்டி, இன்றைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். அம்மா யோசித்துவிட்டு, "சந்தை" என்றார். என் தங்கை சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததைப் பார்த்து அம்மாவும் சிரித்தார். மருத்துவர் மட்டும் சிரிக்காமல் எதையோ குறித்துக்கொண்டு, எக்ஸ்ரேவுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி முழுவதும் வெள்ளையாக இருந்தது.

அது பேச்சுக் கொடுப்பதற்காகக் கேட்ட கேள்வி அல்ல என்பது பிறகு தெரிந்தது. 2003இல் வெளியான 'கர்ப்-65' என்னும் மதிப்பெண் முறையில், மனக்குழப்பம், இரத்தத்தில் யூரியா மிகுதல், நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, தாழ்ந்த இரத்த அழுத்தம், 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயது ஆகிய ஐந்துக்கும் தலா ஒரு மதிப்பெண் உண்டு. மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் போனால் நோய் கடுமையானது. காய்ச்சலுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. அம்மா குணமாகி வீட்டில் இருக்கிறார். ஆனால் அவரும் சேர்ந்து சிரித்த அந்தச் சிரிப்பு என்னை விட்டுப் போகவில்லை. உங்களில் வேறு யாருக்காவது இப்படி நேர்ந்ததுண்டா?

ஓசூர்_சிப்காட்

அண்ணா, இதற்கு மூச்சையும் கிழமையையும் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்டும் ஆக்சிமீட்டர் மருந்துக்கடையில் கிடைக்கிறது. 2021 கொரோனா அலையில் என் அப்பா கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். விரலில் மாட்டிப் பார்த்தால் 86. அன்று அந்தக் கருவி இல்லையென்றால், அவர் படித்துக்கொண்டே இருந்திருப்பார், நாங்களும் பார்த்துக்கொண்டே இருந்திருப்போம். வீட்டுக்கு ஒன்று வாங்கி வைத்தால் போதும் என்பதே என் கருத்து.

இரவுப் பணி செவிலியர், ஓசூர்

"போதும்" என்ற சொல்லைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது, தம்பி. தளிப் பக்கம் ரோஜாப் பசுமைக்குடிலில் வேலை செய்யும் ஒருவரை, மார்கழிக் குளிரில் விடியற்காலையில் அழைத்து வந்தார்கள். வீட்டுக் கருவி 95 காட்டியது என்று அவர் மனைவி அதைக் கையிலேயே கொண்டு வந்திருந்தார். அந்த மனிதரோ, "எனக்கு" என்று சொல்லி மூச்சு வாங்கினார், "ஒன்றும்" என்று சொல்லி மூச்சு வாங்கினார், "இல்லைம்மா" என்று முடித்தார். மூன்று சொல்லை ஒரே மூச்சில் சொல்ல முடியாதவரின் விரலில் 95 என்று பச்சை எழுத்து ஒளிர்ந்துகொண்டிருந்தது. தமனியில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஆக்சிஜன் அதைவிட வெகுவாகக் குறைந்திருந்தது.

விரல் சில்லிட்டிருந்தால் கருவி தடுமாறும் என்பது எங்களுக்குப் பழைய செய்தி. தோலின் நிறமும் அதை ஏமாற்றும் என்பதைப் பலர் அறியவில்லை. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதே உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்தவை, கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 விழுக்காடு, வெள்ளையரின் அளவீடுகளில் 3.6 விழுக்காடு. நம் ஊரில் எத்தனை பேர் வெளிர்நிறத்தவர்? கருவி குறைத்துக் காட்டினால் உடனே புறப்படுங்கள். இயல்பான அளவைக் காட்டும்போதும் ஆள் மூச்சு வாங்கினால், கருவியை நம்பாமல் ஆளை நம்புங்கள்.

பென்னாகரம் கிராமச் செவிலியர்

செவிலியர் அக்கா சொல்வது சரி. குழந்தைகள் விஷயத்தில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததே எண்ணிக்கைதான்: 2 மாதம் முடியாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, 2 முதல் 11 மாதம் வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40; அந்த அளவைத் தொட்டாலே வேகமூச்சு. குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும்.

எனக்கு மறக்காதது ஒரு மூன்று மாதக் குழந்தை. வீட்டுக்குள் போனபோது, பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் குளிப்பாட்டி முடித்து, மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சளி வெளியேறட்டும் என்று ஊதிக்கொண்டிருந்தார். சாம்பிராணிப் புகை அறை முழுவதும் நிறைந்திருந்தது. நான் துணியை விலக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்து குழிந்து எழுந்தது. பாட்டியின் கை அப்போதும் குழந்தையின் காதோரத்து எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

108இல் அனுப்பினோம். மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "மூக்கில் எண்ணெய் விடுவீர்களா?" என்பதுதான். தண்ணீர் புரையேறினால் இருமல் வரும். எண்ணெய் வழவழப்பானது என்பதால் இருமலைத் தூண்டாமலேயே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அங்கே தங்கி அழற்சியை உண்டாக்கும் அந்த எண்ணெயை எந்த ஆன்டிபயாடிக்கும் கரைக்காது. பாட்டியை யாரும் திட்ட வேண்டாம். அவர் பிள்ளைகளையும் அவர் மாமியார் அப்படித்தான் குளிப்பாட்டியிருப்பார். உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பது தேய்க்கட்டும். மூக்கையும் வாயையும் விட்டுவிடட்டும்.

பாப்பிரெட்டிப்பட்டி விவசாயி

எண்ணெயைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். அதே வீட்டின் விறகடுப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் அக்காள் மகன் ஒரே குளிர்காலத்தில் இரண்டு முறை நெஞ்சுச் சளியோடு படுத்தான். அடுப்படியும் படுக்கையும் ஒரே அறை. கேஸ் அடுப்புக்கு மாறினால் பாதி நிமோனியா ஒழிந்துவிடும்.

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், காரிமங்கலம்

விவசாயி ஐயா சொல்வதை நானும் வகுப்பில் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்தவன்தான். புகை கெடுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால் "பாதி ஒழிந்துவிடும்" என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3200 கர்ப்பிணிகளைச் சேர்த்து, ஒரு பாதியினருக்கு கேஸ் அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகக் கொடுத்து, குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை கவனித்தார்கள். இந்தியப் பகுதி நடந்தது நம் தமிழ்நாட்டில், விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில். வீட்டுப் புகை வெகுவாகக் குறைந்தது. ஆயினும் 2024இல் வெளியான முடிவின்படி, கடும் நிமோனியா வந்த குழந்தைகளின் விகிதத்தில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மலாவியில் புகை குறைந்த அடுப்பைக் கொடுத்துச் செய்த ஆய்வும் 2017இல் இதே போலத்தான் முடிந்தது. தாயின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கேஸ் நல்லது என்பதற்காக மாறுங்கள். நிமோனியாவுக்கு அதையே மருந்தாக எண்ணிவிட வேண்டாம்.

என் அனுபவம் சிறியது. என் மைத்துனர் நிமோனியா குணமாகி வீட்டுக்கு வந்து, மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து சாய்ந்தார். தற்செயல் என்றே அனைவரும் கருதினோம். 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நிமோனியாவுக்காக மருத்துவமனையில் இருந்த 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு, முதல் 30 நாட்களில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு என்று கண்டிருக்கிறார்கள்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். நம் அரசு 2021 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும், நிமோனியாவை உண்டாக்கும் ஒரு கிருமிக்கு எதிரான நியூமோகாக்கல் தடுப்பூசியை 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று மூன்று தவணையாக இலவசமாகப் போடுகிறது. ஒன்பதாம் மாத ஊசியைத்தான் பலர் தவற விடுகிறார்கள். மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிக்குத் தினமும் பல் துலக்கிவிடுங்கள். 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2023இல் வெளியிட்டதில், பல் துலக்கப்பட்டவர்களுக்கு மருத்துவமனையில் தொற்றும் நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, குறிப்பாகச் செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களுக்கு. பத்து நாள் மாத்திரை எழுதினால்தான் நல்ல மருத்துவர் என்ற எண்ணமும் மாற வேண்டும். இந்தியாவிலேயே 2188 குழந்தைகளிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையில்லாத நிமோனியாவுக்கு அமாக்சிசிலினை 3 நாள் கொடுத்தவர்களில் 89.5 விழுக்காடும், 5 நாள் கொடுத்தவர்களில் 89.9 விழுக்காடும் குணமானார்கள். இங்கிலாந்திலும் 2021இல் 3 நாளும் 7 நாளும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. கடும் நிமோனியாவுக்கு, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால் உயிர் பிழைப்போர் கூடுகிறார்கள் என்று 2023இல் பிரான்சிலிருந்து செய்தி வந்திருக்கிறது. அதையும் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அஞ்செட்டி வனக்கரை

ஆசிரியர் ஐயாவின் பட்டியலில் எங்கள் பக்கத்து நோய் விடுபட்டுவிட்டது. என் அண்ணன் ஆடு மேய்ப்பவர். காய்ச்சல், மூச்சிரைப்பு, எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெளுத்திருந்தன, நிமோனியா என்று ஊசி மேல் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. கிருஷ்ணகிரியில் வேறொரு மருத்துவர் வந்து பார்த்து, அவரை முழுவதும் புரட்டச் சொன்னார். அக்குள், தொடையிடுக்கு என்று விளக்கடித்துத் தேடி, கடைசியில் அரைஞாண் கயிற்றை ஒரு விரலால் தூக்கினார். அதன் அடியில், பீடி நெருப்பால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு. அண்ணனுக்கு அது வலிக்கவும் இல்லை, அரிக்கவும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. மருத்துவர் நிமிர்ந்து, "இதோ" என்று மட்டும் சொன்னார்.

ஸ்கிரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல். புதர்க்காட்டில் இருக்கும், கண்ணுக்கே எளிதில் புலப்படாத ஒரு பூச்சியின் இளம்புழு கடித்து வருவது. வழக்கமாக நிமோனியாவுக்குப் போடும் பென்சிலின் வகை ஊசிகள் இதற்குப் பயன்படா. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் தனித்தனியாகக் கொடுப்பதைவிட இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது மேலானது என்று தெரிந்தது. அண்ணனுக்கும் இரண்டும் ஏற்றினார்கள், காய்ச்சல் இறங்கியது. காட்டோரத்தில் வாழ்பவர்கள் மருத்துவரிடம் போனால், ஆடு மேய்த்ததையும் விறகு பொறுக்கியதையும் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்.

மருந்தாளுநர், ஊத்தங்கரை

ஆசிரியர் ஐயா மீது மதிப்பு உண்டு. ஆனால் ஸ்டீராய்டு பற்றிய அந்த ஒற்றை வரி எங்கள் கடைவாசலில் என்ன செய்யும் என்று அவர் அறியமாட்டார். அந்தப் பிரெஞ்சு ஆய்வில் சேர்க்கப்பட்ட சுமார் 800 பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்குத் தினமும் 200 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டை நரம்பில் ஏற்றியபோது, 28 நாட்களில் இறப்பு 11.9 விழுக்காட்டிலிருந்து 6.2 ஆகக் குறைந்தது உண்மை. இன்ஃப்ளுயன்சாவால் நிமோனியா வந்தவர்களை அதில் சேர்க்கவே இல்லை. "நெஞ்சுச் சளிக்கு அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை கொடுங்கள்" என்று நடந்து வந்து கேட்பவருக்கும் அந்த ஆய்வுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

என் அனுபவம் வேறொரு மாத்திரையைப் பற்றியது. ஒருவர் பழைய சீட்டை நீட்டி லீவோஃப்ளாக்சசின் என்னும் ஆன்டிபயாடிக் கேட்பார். நிமோனியாவுக்கு எழுதியது, சாப்பிட்டால் இருமல் அடங்குகிறது, சில வாரத்தில் திரும்புகிறது என்பார். புதிய சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று நான் திருப்பி அனுப்பினால், வேறு கடையில் வாங்கிக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் மீண்டும் வந்து சில்லறைக்காகக் கையை நீட்டியபோது, மோதிரம் விரலிலிருந்து தானாகக் கழன்று கண்ணாடி மேசை மீது உருண்டது. அவர் எடுத்து மாட்டிக்கொண்டார். அது மீண்டும் கழன்றது. நான் சில்லறையை அப்படியே வைத்துவிட்டு, அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசி, அவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ட்ரூநாட் சோதனையில் காசநோய்க் கிருமி உறுதியானது.

லீவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். அதனால்தான் அவருக்கு ஒவ்வொரு முறையும் குணமானது போலத் தோன்றியது, கண்டுபிடிப்பதும் தள்ளிப்போனது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு வைத்திருக்கும் முக்கிய மருந்துகளில் அதுவும் ஒன்று. தனியாக, விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி அதற்கும் பழகிவிடும். எனவே 2 வாரத்தைத் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்யாமல் இன்னொரு ஆன்டிபயாடிக் சுற்றைத் தொடங்க வேண்டாம் என்பதையும் ஆசிரியர் ஐயாவின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.