ஃபோர்ட் ஸ்டிகைன் வெடிப்பு: பழி கேப்டனுக்கா, கரையில் இருந்தவர்களுக்கா?

நங்கூரம்72:
ஏப்ரல் 14 வந்தால் தீயணைப்பு வாரம் என்று சட்டையில் ஒரு கொடி குத்திவிட்டுப் போகிறார்கள். 1944-ல் அதே நாளில் பம்பாய் துறைமுகத்தின் விக்டோரியா டாக்கில் (கப்பல் நின்று சரக்கு இறக்கும் இடம்) ஒரு சரக்குக் கப்பல் தீப்பிடித்து வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்ததற்குப் பொறுப்பு, என்னைக் கேட்டால், அந்த ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பலின் கேப்டன் நெய்ஸ்மித். கப்பலின் வயிற்றில் 1,395 டன் வெடிமருந்து. அதோடு கராச்சியில் 8,700 பேல் (பெரிய கட்டு) பஞ்சையும் ஏற்ற விட்டார். பம்பாய்க்கு வந்தும் அபாயச் சரக்குக்கான சிவப்புக் கொடியை ஏற்றவில்லை. கப்பலுக்கு ராஜா அவர்தானே?

பழைய டாக் ஆள்:
தம்பி, தூத்துக்குடியில் முப்பது வருஷம் சரக்கு ஏற்றி இறக்கியவன் சொல்கிறேன். போர்க்காலத்தில் கேப்டன் ராஜா இல்லை, லாரி டிரைவர் மாதிரி. நீர்மூழ்கிகள் மூழ்கடித்ததை ஈடுகட்ட கனடாவில் வரிசையாகக் கட்டித் தள்ளிய ‘ஃபோர்ட்’ வகைக் கப்பல்களில் ஒன்று இது. 1942-ல் பிரின்ஸ் ரூபர்ட்டில் கட்டியது. எங்கே காலி இடம் இருக்கிறதோ அங்கே திணி என்பதுதான் அன்றைய சட்டம். பஞ்சை ஏற்றும்போது அந்த மனிதர் ஆட்சேபித்தார். யார் கேட்டார்கள்?

நங்கூரம்72:
ஆட்சேபித்தார், ஆனாலும் கிளம்பினார். கொடிக்கு என்ன பதில் ஐயா?

கலங்கரை_செல்வி:
அந்தக் கப்பலில் தங்கம் இருந்தது தெரியுமா? கட்டி கட்டியாக. வெடித்தபோது ஒரு கட்டி பறந்துபோய் பார்சி ஒருவர் வீட்டுக் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்ததாம். அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்! துறைமுகத்தில் தூர்வாரும்போது பல வருஷம் கழித்தும் கட்டிகள் கிடைத்திருக்கின்றன.

பழைய டாக் ஆள்:
தங்கக் கதை அப்புறம் பேசலாம் செல்வி. கொடி ஏற்றாதது தப்புதான், விசாரணையும் அதைச் சொன்னது. ஆனால் அதே விசாரணை வேறென்ன சொன்னது? வெடிமருந்துக்குக் கீழே பஞ்சை அடுக்கியது, வெடிமருந்தை இறக்கத் தாமதித்தது, தீயணைப்புப் படைக்கு உடனே சொல்லாதது, சரக்கறைக்குள் நீராவி விட்டுத் தீயை அணைக்காதது. ஏப்ரல் 12 வந்த கப்பல் அது. 48 மணி நேரம் ஆகியும் வெடிமருந்து உள்ளேயே கிடந்தது. இறக்கும் வேலை கரையோடது, கேப்டனோடது இல்லை.

நங்கூரம்72:
இறக்குவது தாமதமானதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பகல் 2 மணிவாக்கில் இரண்டாம் ஹோல்டில் (சரக்கறை) புகை தெரிந்தது. கப்பலை விட்டு இறங்கச் சொன்னது 3.50-க்கு. இடையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்! கப்பலை டாக்கிலேயே அமிழ்த்தியிருக்கலாமே?

பழைய டாக் ஆள்:
டாக்கில் எவ்வளவு ஆழம் என்று நினைக்கிறீர்கள்? தரை தட்டி உட்காரும், அவ்வளவுதான். அன்றைக்கும் அங்கே ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். முடிவு சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் தெரியவில்லை. 900 டன்னுக்கு மேல் தண்ணீர் அடித்தார்கள். பஞ்சு பேல் தண்ணீரில் என்ன செய்யும்? மிதக்கும். கீழே எரிகிற பஞ்சு மேலே ஏறினால் மேலே என்ன இருக்கிறது என்று நீங்களே யோசியுங்கள். 4.06-க்கு முதல் வெடி, 4.34-க்கு இரண்டாவது. 12 கிலோமீட்டருக்கு அப்பாலும் கண்ணாடி உடைந்தது.

கலங்கரை_செல்வி:
அதைவிட எனக்கு உறுத்துவது, பம்பாயே எரிந்தும் செய்தியை வெளியிட விடவில்லை. ஜப்பான் கைவசம் இருந்த சைகோன் வானொலி மறுநாளே சொல்லிவிட்டது; இங்கே பத்திரிகையில் வர மே மாதம் ஆனது.

நங்கூரம்72:
சரி, கேப்டனை மட்டும் சொன்னது அவசரம்தான். நெய்ஸ்மித்தும் அந்த வெடியிலேயே போய்விட்டார். ஆனால் கொடி விஷயத்தில் நான் இறங்கமாட்டேன். அது பறந்திருந்தால் கரையில் எல்லோரும் சுறுசுறுப்பாகியிருப்பார்கள். நீராவியாவது விட்டிருப்பார்கள்.

பழைய டாக் ஆள்:
நீராவி விட ஹாட்சை, அதாவது சரக்கறையின் மேல்வாயை, மூட வேண்டும் தம்பி. உள்ளே ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளை முதலில் வெளியே வரச் சொல்ல வேண்டும். அந்தப் புகையில் அந்த உத்தரவை யார் கொடுப்பது, கேப்டனா, தீயணைப்பு அதிகாரியா, துறைமுகமா?