லீவுக்கு வந்தால் செல்லம், ஒரேயடியாக வந்தால்?

கருங்கல்காரி:
வெளியூரில் வளர்ந்து பதிமூன்று, பதினாலு வயதில் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளோடு பழகியவர்கள் எழுதுங்களேன். நானே தொடங்குகிறேன். அண்ணன் தம்மாமில் வேலை. சவுதியில் 2017-ல் உடனிருக்கும் குடும்பத்தாருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் என்று கட்டணம் போட்டு, வருடா வருடம் ஏற்றி 2020-ல் 400 ஆக்கினார்கள். மைனிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தால் 1,200, அண்ணன் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. அவர் பேச்சிலர் ரூமுக்குப் போக, மற்ற மூன்று பேரும் ஊருக்கு வந்துவிட்டார்கள்.

மூத்தவன் ஒன்பதாம் வகுப்பு. தமிழ் பேசுவான், வாசிக்க வராது. அங்கே இரண்டாம் மொழி இந்தி. மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் நம்ம பஸ்ஸில் தமிழ் போர்டு, கேரளா பஸ்ஸில் மலையாள போர்டு, இவன் இரண்டையும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம் “இது எங்க போகும்” என்பான். மீசை முளைக்கிற வயதில் அப்படிக் கேட்டால் ஒரு இளிப்பு கிடைக்குமே, அதற்குப் பயந்தே சைக்கிளுக்கு மாறினான். இங்கே கூட்டுக்காரன் யாரும் இல்லை, ராத்திரி முழுக்கத் தம்மாம் பையன்களோடு போனில் கேம். போன்தான் பையனைக் கெடுக்குது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அவனைத் தெரிந்த நாலு பேர் அந்த போனில்தான் இருந்தார்கள். அப்புறம் கடற்கரைப் பையன்களின் கால்பந்து டீமில் ஒருநாள் கோலிக்கு ஆள் இல்லாமல் இவனை நிறுத்தினார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டவன்தான், இன்னும் அவர்களோடுதான் சுற்றுகிறான். தமிழ் வாசிப்பதுகூட அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததுதான், டியூஷனுக்குக் கொடுத்த காசு வேஸ்ட்.

ஷார்ஜா பிள்ளை:
நானும் அந்த ரகம்தான், இப்போது காலேஜ். லீவுக்கு வரும்போது டாங்க், நிடோ, கோடாலித் தைலம் எல்லாம் பெட்டியோடு வரும், சித்தி பிள்ளைகள் என்னைச் சுற்றியே கிடப்பார்கள். ஒரேயடியாக வந்த பிறகு அதே பிள்ளைகளுக்கு நான் மார்க்கில் போட்டி, பாட்டியிடம் பங்குக்கு வந்தவள். மரச்சீனியும் மீன்கறியும் கையால் பிசைந்து தின்றால் “பரவால்லியே, இதெல்லாம் தின்பியா”, ஸ்பூன் கேட்டால் “துரைச்சாணி”. சரி, அங்கே மட்டும் என்ன? பிறந்தது அங்கே, பள்ளியில் அரபி கட்டாயப் பாடம், ஆனாலும் பிறந்ததற்காகக் குடியுரிமை தரமாட்டார்கள், அப்பா வேலை போனால் எங்கள் விசாவும் போச்சு. அதனால் “இதுதான் மக்கா உன் ஊரு” என்று யாராவது சொன்னாலே எரிச்சல் வரும். ஷார்ஜா ஞாபகத்தில் அழுதால் “அது என்ன நம்ம ஊரா?” என்று வாயை அடைப்பதும் இவர்கள்தானே. அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் வெள்ளிக்கிழமைகளில் அந்த ஊர் குபூஸ் ரொட்டி சுட்டுத் தருவாள். இப்போது சைக்காலஜி படிக்கிறேன். ஜான் பெர்ரி என்கிற கனடாக்காரர், பழையதையும் விடாமல் புதியதிலும் கலந்துகொள்கிறவர்களுக்குத்தான் பொதுவாக மனசு நன்றாக இருக்கிறது என்கிறார். அம்மா பெர்ரியைப் படித்தவள் இல்லை.

குழித்துறை கிழவன்:
பஸ் ஸ்டாண்டில் இளித்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சி. என் அப்பா படித்தது மலையாளம், மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு தமிழில் ஒரு மனு எழுத ஆள் தேடி அலைவார். விளவங்கோடு பக்கம் எத்தனை வீட்டில் பழைய ஆதாரப் பத்திரம் மலையாளத்தில் கிடக்கிறது. இளித்தவர்கள் அதை எடுத்து வாசிக்கட்டும் பார்ப்போம்.

தோவாளை டீச்சர்:
போய் வந்தவர்களையே பேசுகிறீர்கள், பிழைக்க இங்கே வந்தவர்களும் இருக்கிறார்களே. என் வகுப்பில் ஒரு ஒடிசாப் பெண், எட்டாம் வகுப்பு, அப்பா அம்மா செங்கல் சூளையில். நாஞ்சில் நாட்டுத் தமிழ் அவள் வாயில் கேட்கவேண்டும், அத்தனை ஜோர். அதனாலேயே ரேஷன் கடை, பேங்க், முதலாளியிடம் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் அவள்தான் வாய். லீவு போட்ட மறுநாள் கேட்டால், அம்மாவுக்கு உதிரப்போக்கு, ஆஸ்பத்திரிக்குப் போனோம் என்றாள். “டாக்டர் கேட்டதுல பாதிதான் அம்மாட்ட கேட்டேன் டீச்சர். மிச்சம் கேக்க வெக்கமா இருந்து.” பதிமூன்று வயசு! ஊரே அவளைக் கெட்டிக்காரி என்கிறது, எனக்கு அந்தப் பாராட்டே பிடிக்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரிக்கு மட்டும் அதே சூளையில் தமிழ் தெரிந்த ஒரு அக்கா கூடப் போகிறாள். மனசு சரியில்லை என்றால் கூப்பிட டெலிமானஸ் 14416 இருக்கிறது, அரசு நடத்துவது, காசு கிடையாது, பல மொழிகளில் பேசுவார்கள். நம்பரை அவள் நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

இன்னொன்று. ஆண்டு விழாவுக்கு அவளை ஒடிசா நடனம் ஆடவைக்கலாம் என்று ஸ்டாஃப் ரூமில் ஒரே ஆசை. அவளிடம் கேட்டால், மாட்டேன், என்னை வில்லுப்பாட்டில் சேருங்கள் என்கிறாள். சேர்த்தாயிற்று, உடுக்கை அவளுக்குத்தான். தாளம் இன்னும் கொஞ்சம் முந்துகிறது.