ஸ்டென்ட் வைத்து ஐந்து நாள் ஆச்சு, இன்னும் சிறுநீரில் ரத்தம் – பயப்படணுமா?

தென்காசிக்காரன்:
வணக்கம். இடது பக்கம் சிறுநீர்க்குழாயில் 9 மி.மீ. கல். லேசரில் உடைத்து, டி.ஜே. ஸ்டென்ட் (சிறுநீர் தடையில்லாமல் இறங்க உள்ளே வைக்கும் மெல்லிய குழாய்) வைத்து அனுப்பிவிட்டார்கள். மாடிப்படி ஏறி இறங்கினாலே சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகிறது. போகும்போது விலாவில் சுருக்கென்று இழுக்கிறது. கல் மிச்சம் இருக்குமோ என்று ராத்திரி தூக்கமே இல்லை. பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கணக்கு டீச்சர்:
தம்பி, எனக்கும் அப்படியேதான் இருந்தது. ஸ்டென்ட்டின் ஒரு நுனி சிறுநீரகத்திலும் மறு நுனி சிறுநீர்ப்பையிலும் சுருண்டு கிடக்கும். நடந்தால் கீழ்ச்சுருள் பையின் உள்சுவரில் உரசும், அதுதான் அந்த நிறம். சிறுநீர் போகும்போது கொஞ்சம் ஸ்டென்ட் வழியாக மேலே ஏறும், அதுதான் விலா வலி. டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டிய அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் குளிர்காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கட்டிகட்டியாக வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். அப்போதே கிளம்புங்கள்.

என் கல் வந்த கதையையும் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் ஆசிரியைகளுக்கு ஒரே கழிப்பறை, அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதற்குப் பயந்தே காலை எட்டரை முதல் மாலை நாலரை வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகிவிட்டேன். பதினெட்டு வருஷம்! முதலில் மூன்று வாரம் வாழைத்தண்டுச் சாறு குடித்தேன். 8 மி.மீ. கல் அசையவில்லை, வலிதான் கூடியது. எடுத்த பிறகு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள்: கடுகை உடைத்தது போல, பழுப்பாக, முள் முள்ளாக. பரிசோதனையில் கால்சியம் ஆக்சலேட் என்று வந்தது, அதாவது கால்சியமும் சாப்பாட்டில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளும் சேர்ந்து உறைந்த கல்.

கால்சியம் என்றதும் பாலை நிறுத்தினேன், டாக்டர் கோபித்துக்கொண்டார். சாப்பாட்டோடு சேரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியே தள்ளிவிடுமாம். குறைக்க வேண்டியது உப்பைத்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறைத்துவிட்டேன். அப்புறம், ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகவேண்டும் என்றார். குடிக்கும் கணக்கு இல்லை, போகும் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பாட்டிலில் அளந்து பார்த்தேன், ஒரு லிட்டர்கூட இல்லை.

லாரி டிரைவர்:
அண்ணே, ஸ்டென்ட் எடுக்கும் தேதியை மட்டும் விட்டுடாதீங்க. வலி நின்றதும் என் மச்சான் மறந்தே போய்ட்டான். எட்டு மாசம் கழித்துப் பார்த்தால் ஸ்டென்ட் மேலேயே கல் படிந்திருக்கு. அதை எடுக்க இரண்டு ஆபரேஷன்.

தென்காசிக்காரன்:
நன்றி. வரும் 14ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள், காலண்டரில் வட்டம் போட்டாச்சு. டீச்சர், அந்தத் தாழ்ப்பாள் வந்ததா?

கணக்கு டீச்சர்:
வந்தது தம்பி. தலைமையாசிரியரின் மேசையில் என் ஸ்கேன் படத்தையும் அந்த டப்பாவையும் வைத்துவிட்டுத்தான் கேட்டேன். அந்த வாரமே தச்சர் வந்தார். இப்போது மதியத்துக்குள் ஒரு லிட்டர் பாட்டில் காலி.