தேக்கா அண்ணனோடு பழகியவர்கள் எழுதுங்கள்

செய்தி பலருக்கு எட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் சிங்கப்பூர்த் தேக்காவில் (லிட்டில் இந்தியா) ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஒரு கல்மேசையில் உட்கார்ந்து, வெளிநாட்டு ஊழியர்கள் கொண்டுவரும் தாள்களைப் படித்துச் சொல்வாரே, அந்த அண்ணன் போன வாரம் காலமானார். அங் மோ கியோவில் அவருடைய அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேதான் உடலை வைத்திருந்தார்கள். மண்டாயில் தகனம் முடிந்தது. இரண்டு இரவும் வேலை முடிந்து சேஃப்டி பூட்ஸோடு பையன்கள் வந்துகொண்டே இருந்தார்கள். குடும்பத்தாருக்கு அவர்களில் ஒருவரையும் தெரியவில்லை. அவருடைய மகள் என்னிடம் கேட்டது இது: "ஞாயிற்றுக்கிழமை அப்பா தேக்காவுக்குப் போவார் என்று தெரியும். அங்கே என்ன செய்தார் என்று எங்களுக்கு முழுசாகத் தெரியாது. யாராவது எழுதினால் படிப்போம்." அதற்காகத்தான் இதைத் தொடங்குகிறேன். அவர் பெயரைப் போட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். எழுதுகிறவர்களும் கம்பெனி பெயர், முதலாளி பெயர் போடாதீர்கள். உங்கள் பெயருக்குப் பதில் இடத்தை மேலே போட்டால் போதும்.

நான் அவரோடு பல வருடம் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்தே சம்பளம் வாங்கினாராம். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

அவரிடம் வருகிற எல்லாருக்கும் முதலில் கிடைப்பது ஒரு 555 நோட்டு. மளிகைக்கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்ன நோட்டு. தேதி, எந்த சைட், வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வேலை சொன்னவர் பெயர். தினமும் படுப்பதற்கு முன்னால் எழுத வேண்டும். "மூன்று மாசம் கழித்து மொத்தமாக எழுதினால் உனக்கே அதில் நம்பிக்கை இருக்காது" என்பார். யாருக்கும் அவர் எழுதித் தர மாட்டார். எழுத்து சரியாக வராதவர்களைக்கூட எண்களையாவது எழுத வைப்பார். சம்பளச் சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று 2016 ஏப்ரல் 1 முதல் சட்டம் இருக்கிறது. அதற்குப் பிறகும் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிய இடங்களைப் பார்த்திருக்கிறோம். அந்த மாதிரி நேரங்களில் பையனின் கையில் இருந்த ஒரே ஆதாரம் இந்த நோட்டுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முடியாது என்றால் அங்கேயே சொல்லிவிடுவார். வேலையில் இருக்கும்போது சம்பளப் புகார் என்றால் ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டவர் என்றால் ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நாள் கடந்து வருகிறவரிடம், "பார்க்கலாம், முயற்சி பண்ணலாம்" என்று நாங்கள் இழுப்போம். அவர் நேராகச் சொல்வார்: "தம்பி, நாள் போய்விட்டது. இதற்கு எனக்கு வழி தெரியவில்லை." அப்புறம் அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட வைப்பார். அவர் செய்த உதவிகளிலேயே பெரியது இப்படி உண்மையைச் சொன்னதுதான் என்று நான் நினைக்கிறேன்.

துவாஸ், இரும்புக் கட்டுமான வேலை

எனக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். ஐபிஏ தாளில் (வேலை அனுமதிக்கு முன்னால் வரும் ஒப்புதல் கடிதம்) அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். ஓடி (ஓவர்டைம்) மணிக்கு 4 வெள்ளி என்று சூப்பர்வைசர் சொன்னார், நாங்களும் வாங்கிக்கொண்டிருந்தோம். வேறு ஒரு தாள் விஷயமாக அண்ணனிடம் போனபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "4 வெள்ளி என்று யார் கணக்குப் போட்டது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

போனை எடுக்கச் சொன்னார். 800ஐ 12ஆல் பெருக்கு என்றார். 9,600 வந்தது. வருஷத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம், இரண்டையும் பெருக்கு என்றார். 2,288. முதல் தொகையை இதால் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 4 வெள்ளி 20 காசு. ஓடி என்றால் ஒன்றரை மடங்கு. 6 வெள்ளி 29 காசு வந்தது. நான் இரண்டாம் தடவையும் போட்டுப் பார்த்தேன், அதே 6.29. ஊரில் ப்ளஸ் டூ வரைக்கும் படித்தவன் நான். இந்தக் கணக்கை எனக்கு யாரும் காட்டியதில்லை.

உடனே மனிதவள அமைச்சுக்குப் போகலாமா என்று கேட்டேன். "முதலில் பாஸிடம் கேள். கேட்கும் முறை இருக்கிறது" என்றார். அந்த மேசையிலேயே அவர் பாஸாக உட்கார்ந்தார், நான் எதிரே நின்று பேசினேன். முதல் தடவை கோபமாகப் பேசிவிட்டேன். "வெளியே போ என்று சொல்லிவிடுவேன், திரும்ப வா" என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நாலைந்து வாக்கியம் சொல்லிக்கொடுத்தார். ரூமில் இருந்த ஐந்து பேரும் சேர்ந்து போனோம். நோட்டையும் ஐபிஏ தாளையும் காட்டினோம். பாஸ் ஆபீஸ் அக்காவைக் கூப்பிட்டுக் கணக்கைப் பார்க்கச் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து சரியாக வந்தது, பாக்கியை இரண்டு தவணையில் கொடுத்தார்கள். நான் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். புதுசாக வரும் பையன்களுக்கு அந்த 2,288 கணக்கை இப்போது நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

பொங்கோல்

2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக டார்ம் (ஊழியர் விடுதி) கதவை மூடினார்கள். வெளியே சர்க்யூட் பிரேக்கர் என்ற ஊரடங்கு ஜூன் 1இல் முடிந்தது, எங்களுக்கு அதற்குப் பிறகும் பல மாதம் வெளியே போக வழியில்லை. ரூமில் பன்னிரண்டு பேர். அண்ணன் ராத்திரி போன் செய்வார். எனக்குத் தொற்று வந்தபோது ஊரில் மனைவியிடம் மறைத்தேன். "நீயே சொன்னால் உன் குரலைக் கேட்டுத் தைரியமாக இருப்பார். பக்கத்து ஊர்க்காரன் வீட்டு வழியாகத் தெரிந்தால்தான் பயம்" என்றார். அன்றைக்கே சொன்னேன். அவர் சொன்னது சரிதான். மனைவி அழவில்லை, ரசம் வைத்துக் குடிக்க முடியுமா என்றுதான் கேட்டாள்.

கிராஞ்சி

என் சித்தப்பா மகன் 2019இல் இங்கே இறந்தான். ராத்திரி படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. வயது முப்பதைத் தாண்டவில்லை. போலீஸ் வந்தது, மரண விசாரணை என்றார்கள், உடலை ஊட்ரம் பிணவறைக்குக் கொண்டுபோனார்கள். நான் வேறு கம்பெனி. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. யாரோ அண்ணன் நம்பரைக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் அவரை நான் பார்த்ததே இல்லை.

வந்தவர் முதலில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டார். அப்புறம் ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொன்னார். உடலை அடையாளம் காட்டுவது, இறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட்டை கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் ரத்து செய்வது, உடலைப் பதப்படுத்தியதற்கும் பெட்டியை மூடி முத்திரையிட்டதற்கும் சான்றிதழ், பெட்டியை வெளிநாட்டுக்கு அனுப்ப தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அனுமதி, கடைசியாகத் திருச்சி விமானத்தில் சரக்குப் பதிவு. ஒவ்வொன்றும் முடிந்ததும் நானே கோடு போட்டு அடிக்க வேண்டும் என்றார். உடலை ஊருக்கு அனுப்பும் செலவு முதலாளியைச் சேர்ந்தது, வொர்க் பர்மிட் நிபந்தனையிலேயே இருக்கிறது என்று கம்பெனி ஆளிடம் பணிவாக எடுத்துச் சொன்னார். அவர்களும் மறுக்கவில்லை.

இதற்குள் அறந்தாங்கியில் வேறு பிரச்சனை. சிங்கப்பூரில் செத்தால் லட்சக்கணக்கில் பணம் வரும் என்று யாரோ சித்தப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். பணத்தை யார் கையில் வாங்குவது என்று சொந்தக்காரர்கள் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள், உடல் இன்னும் போய்ச் சேரவில்லை. அண்ணன் தானே சித்தப்பாவுக்குப் போன் போட்டார். "ஐயா, வேலையிடத்து விபத்தில் இறந்தால் இழப்பீடு உண்டு. தம்பிக்கு நடந்தது அது இல்லை என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அவன் வேலை செய்த நாளுக்குச் சம்பளம் வரும். கம்பெனி தனியாகக் காப்புறுதி எடுத்திருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன். அதற்கு மேல் எதையும் நம்பிக் கடன் வாங்காதீர்கள்." பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் தடுத்தேன். "நம்ப வைத்தால் காரியத்துக்கே வட்டிக்கு வாங்குவார்கள், தம்பி. அந்த வட்டியை யார் கட்டுவது?" என்றார்.

அவன் சாமான்களைக் கட்டும்போது தலையணைக்குக் கீழே ஒரு 555 நோட்டு இருந்தது. அவனும் எப்போதோ அண்ணனிடம் போயிருக்கிறான் போல, எனக்குத் தெரியாது. டார்மில் ஒரு சீட்டுக்கு நான்கு மாதம் கட்டியிருந்ததைத் தேதியோடு எழுதியிருந்தான். அண்ணன் சீட்டுப் பிடித்தவரைத் தேடிப் பார்த்து நோட்டைக் காட்டினார். அந்த மனிதரும் பேச்சில்லாமல் கட்டிய பணத்தைக் கொடுத்தார். அது சித்தி பெயருக்குப் போய்ச் சேர்ந்தது. உடலை ஏற்றிய வண்டி புதுக்கோட்டையைத் தாண்டியதா என்று அண்ணன் விடியற்காலையில் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

சிராங்கூன் சாலை, சாப்பாட்டுக்கடை

ஞாயிறு ஒன்பது மணிக்கு மேல் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். அவர்களுக்குச் சாப்பாடு, அவருக்கு ஒரு தோசை, சீனி இல்லாத தேநீர். ஒருநாள்கூட இலவசமாகச் சாப்பிட்டதில்லை. 2013 டிசம்பர் 8 அன்று இங்கே தேக்காவில் நடந்த கலவரத்துக்கு அடுத்த ஞாயிறு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஊழியர்களை ஏற்றி வரும் பேருந்துகளை நிறுத்தியிருந்தார்கள், தெருவே வெறிச்சோடியிருந்தது. அவர் வழக்கமான நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார். யாராவது எப்படியாவது வருவான், நான் இல்லை என்றால் திரும்பிப் போய்விடுவான் என்றார். ஒருவர் வந்தார். துவாஸிலிருந்து, பஸ்ஸிலும் எம்ஆர்டி ரயிலிலும்.

தொண்டூழியர், யீஷூன்

எனக்கு அவரோடு ஒத்துப்போகாத விஷயமும் உண்டு. அதை மறைத்து எழுதினால் அவருக்கே பிடிக்காது.

ஒருவருக்கு வேலையிடத்தில் கை நசுங்கிவிட்டது. விபத்துக்கு மருத்துவ விடுப்போ லைட் டியூட்டியோ கொடுத்தால் முதலாளி அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும், 2020 செப்டம்பரிலிருந்து எல்லா அளவு விடுப்புக்கும் அதுதான் விதி. ஆனால் விவரம் போவது தாமதமானது, விடுப்பு நாள் சம்பளமும் வரவில்லை. அண்ணன் மருத்துவமனைக்கு அவரோடு போய் மொழிபெயர்த்தார். நானும் கூட இருந்தேன். டாக்டர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவர் கூட்டவில்லை, குறைக்கவில்லை. விரல் பழையபடி மடங்காது என்பதை அப்படியே சொன்னார். நானாக இருந்தால் மென்மையாக்கியிருப்பேன்.

அந்தக் குடும்பத்துக்காக இணையத்தில் பணம் திரட்டலாம், கையின் படத்தைப் போடலாம் என்றேன். கூடாது என்றார். "அந்தப் படம் அவன் ஊருக்குப் போகும். அவன் அம்மா பார்ப்பார். நாளைக்குப் பெண் கேட்டுப் போகும் வீட்டில் பார்ப்பார்கள்." பெயர் இல்லாமல் போடலாம் என்றேன், அதற்கும் சம்மதிக்கவில்லை. அவருடைய உரிமைப் பணம் வரட்டும், அதற்குத்தான் நாம் அலைய வேண்டும் என்றார். அது வந்தது, ஆனால் வருவதற்குப் பல மாதமாயிற்று. அந்த மாதங்களில் ஊரில் அவர்கள் பட்ட கஷ்டத்தை நான் அறிவேன். அன்றைக்குப் பணம் திரட்டியிருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் அந்த நண்பரிடம் இதைப் போன மாதம் கேட்டேன். படம் போடாததுதான் நல்லது என்றார் அவர்.

தொடங்கியவர்

எல்லாவற்றையும் அவர் மகளுக்கு அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன். கிராஞ்சித் தம்பி எழுதியதை மகள் தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாராம்.

இனி மேசை விஷயம். வருகிற ஞாயிறு ஆறு மணிக்கு நானும் யீஷூன் நண்பரும் அங்கே இருப்போம். இரண்டு பேர் போதாது. தமிழும் வங்காளமும் தெரிந்தவர் ஒருவராவது வேண்டும், அண்ணன் அரைகுறை வங்காளத்தில் சமாளித்துக்கொண்டிருந்தார். துவாஸ் தம்பி, ஓடி கணக்குக்கு நீங்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு வர முடியுமா? அவர் வீட்டில் 555 நோட்டு இன்னும் இரண்டு கட்டு பிரிக்காமல் இருக்கிறது, மகள் கொடுத்தனுப்புகிறார். வர முடிந்தவர்கள் இங்கேயே எழுதுங்கள்.