மருந்து வளர்சிதைமாற்றப் பிரிவுக்குச் செயலாளர் ஆக்கிட்டாங்க, ஆனா கூட்டத்துக்கு ஆளே வரமாட்டேங்குது

செம்பனைக்காரி, பெடோங்:

வணக்கம். எங்க மருந்தியல் சங்கத்துல மருந்து வளர்சிதைமாற்றப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. முழுங்கின மருந்தை உடம்பு எப்படி மாத்துதுன்னு பார்க்கிற பிரிவு. இருக்கிற பிரிவுகள்லயே ஆகச் சின்னது. போன மாசப் பொதுக்கூட்டத்துல "செயலாளருக்கு யார் நிக்கிறீங்க?"ன்னு கேட்டப்போ நான் அம்மாவோட வாட்சாப்புக்குப் பதில் போட்டுக்கிட்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தா வெள்ளைப் பலகையில என் பேரு. எதிர்த்து யாரும் நிக்கல. கைதட்டிட்டு எல்லாரும் மீகூன் சாப்பிடப் போயிட்டாங்க.

கையில குடுத்தது ஒரு நீல ஃபைல், ஒரு ரசீதுப் புத்தகம், மை காய்ஞ்ச ரப்பர் ஸ்டாம்பு. (பால்மரக் காட்டுல பொறந்தவளுக்கு ரப்பர் ஸ்டாம்பு, பொருத்தம்தான்.) பேர்ப்பட்டியல்ல 63 பேர். அதுல ரெண்டு பேர் காலமாயிட்டாங்க, நாலு பேர் சிங்கப்பூர் போய்ப் பல வருஷம் ஆச்சு. சந்தா பாக்கி இல்லாதவங்க 38. அன்னைக்கு வந்தவங்க 11. வருஷக் கடைசிக்குள்ள ஒரு திட்டம் குடுக்கலன்னா நச்சியல் பிரிவோட சேர்த்துடுவோம்னு மேலிடம் சொல்லிடுச்சு.

வீட்டுக்கு வந்து, "அப்பா, டிவிஷனுக்குச் செயலாளர் ஆகிட்டேன்"னு சொன்னேன். அப்பா முப்பது வருஷம் தோட்டத்துல கிராணி, அதாவது கணக்கர். தோட்டத்துல டிவிஷன்னா தோட்டத்தோட ஒரு பகுதி. பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "எந்த டிவிஷன்? மேல் டிவிஷனா, ஆத்தோர டிவிஷனா?"ன்னு கேட்டார். மருந்து டிவிஷன்னு விளக்கினேன். "அதுல எத்தனை குடும்பம்?" அதுக்குத்தான் பதில் தெரியல. எந்தெந்த ஆய்வகத்துல யார் இந்த வேலை செய்றாங்கன்னே பட்டியல்ல இல்ல.

சேர்த்துட்டா என்ன நஷ்டம்னு கேக்கலாம். போன வருஷம் அம்மாவுக்கு இதயத்துல ஸ்டென்ட் வச்சு, ரத்தம் கட்டியாகாம இருக்க குளோபிடோக்ரல் எழுதிக் குடுத்தாங்க. அந்த மாத்திரை முழுங்கினபடியே வேலை செய்யாது. கல்லீரல்ல சிப் 2சி19ங்கிற நொதி மாத்தினாத்தான் அது மருந்தாகும். அம்மா வயித்தெரிச்சலுக்குத் தானா வாங்கி வச்சிருந்த ஓமெப்ரசோலையும் சேர்த்துப் போட்டுக்கிட்டிருந்தாங்க. அது அதே நொதியை அடக்கிடும். மைலோ டின்னுக்குள்ள இருந்த அட்டையை நான் பார்த்தது தற்செயல். டாக்டர்கிட்ட சொல்லி பான்டோப்ரசோலுக்கு மாத்தினோம். இந்த நொதி பிறப்புலயே சரியா வேலை செய்யாதவங்க ஐரோப்பாவைவிட ஆசியாவுல அதிகம். 2010லயே அமெரிக்க மருந்து நிர்வாகம் குளோபிடோக்ரல் மருந்துக் குறிப்புல கட்டம் கட்டி எச்சரிக்கை போட வச்சது. இதுல நஞ்சுன்னு எதுவுமே கிடையாது. மருந்து மருந்தா மாறாம போறதுதான் பிரச்சனை. நச்சியல் கூட்டத்துல இதை எந்தத் தலைப்புல பேசுவேன்?

அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. ஆளை எப்படிச் சேக்கிறது? பிரிவுக்குத் தனி வங்கிக் கணக்கு வேணுமா? பரிசு குடுக்கலாமா, யாருக்கு?

---

பழைய மைக்ரோசோம், ஈப்போ:

அம்மா, வாழ்த்துகள். அனுதாபங்களும் கூட.

முதலில் கணக்கு. தனிக் கணக்கு வேண்டவே வேண்டாம். நான் இருந்த ஒரு பிரிவில் இருவர் கையெழுத்துடன் கணக்குத் திறந்தோம். ஒருவர் வெளிநாடு போனார். 1,840 வெள்ளி மூன்று ஆண்டு முடங்கிக் கிடந்தது. தாய்ச் சங்கக் கணக்கிலேயே உங்களுக்கு ஒரு வரி ஒதுக்கச் சொல்லுங்கள். பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்பும் தலைவலி அவர்களோடு போகட்டும்.

இனி அமைப்பு. 1908இல் ஜான் ஜேக்கப் ஏபல் தொடங்கிய அமெரிக்க மருந்தியல் சங்கத்தில் நம்முடையதைப் போலவே ஒரு பிரிவு உண்டு. அங்கே அடுத்த தலைவரை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அவர் கூடவே இருந்து பழகுகிறார், பிறகு தலைவராகிறார், அதன்பின் முன்னாள் தலைவராகக் குழுவில் தொடர்கிறார். நீல ஃபைலைக் கையில் திணித்துவிட்டு ஓட முடியாது. இன்னொன்று: உறுப்பினர் ஒருவர் ஒரு பிரிவை முதன்மையாக வைத்துக்கொண்டு வேறு பிரிவுகளிலும் சேரலாம். இதை உங்கள் சங்கத்திலும் கேளுங்கள். நச்சியல்காரர்கள், மருத்துவமனை மருந்தாளர்கள் பலர் உறுப்பினர் படிவத்தின் இரண்டாவது கட்டத்தில் உங்கள் பிரிவின் பெயரைக் குறிப்பார்கள். 38 என்பது பணம் கட்டியவர்களின் எண்ணிக்கை. இந்த வேலையைச் செய்கிறவர்கள் அதைவிட அதிகம்.

பரிசு பற்றி. அமெரிக்கச் சங்கத்தின் அந்தப் பிரிவு பெர்னார்ட் பிராடி பெயரில் ஒரு விருது வழங்குகிறது. அந்தப் பிராடியின் ஆய்வகத்தில்தான் ஜூலியஸ் ஆக்சல்ராட் வேலை பழகினார். அசிட்டனிலைடு என்ற பழைய வலி மருந்து உடம்புக்குள் பாராசிட்டமாலாக மாறித்தான் வலியைத் தணிக்கிறது என்று 1948இல் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். அப்போது ஆக்சல்ராடிடம் முனைவர் பட்டம் கிடையாது, 1955இல்தான் வாங்கினார். 1970இல் நோபல். ஆகவே பரிசைப் பேராசிரியர்களுக்குக் கொடுத்து வீணாக்காதீர்கள். ஆய்வக உதவியாளர் என்று சம்பளப் பட்டியலில் இருப்பவரையும் போட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

நச்சியல்_மணி:

சேர்ந்துட்டா போச்சு! பாராசிட்டமாலையே எடுத்துக்குங்க. அளவு மீறினா கல்லீரலைக் கெடுக்கிறது மாத்திரை இல்ல, நொதி அதைத் தொட்டதும் பொறக்கிற ஒரு துணைப்பொருள். குடிக்கிறவங்களுக்கு அந்த நொதி கூடுதலா வேற இருக்கும். இது உங்க வேலையா, எங்க வேலையா? ஒரே கூட்டம், ஒரே சாப்பாடு, செலவு பாதி.

---

பினாங்குப் பாலம்:

மணி அண்ணே சாப்பாட்டுலயே இருக்காரு. சேர்ந்த பிரிவுல முதல் வருஷம் ரெண்டு தலைப்பு, அடுத்த வருஷம் ஒண்ணு, அப்புறம் "நேரமின்மை காரணமாக". நான் பார்த்திருக்கேன்.

நான் உயிர்ச்சமத்துவ ஆய்வு செய்ற இடத்துல இருக்கேன். லோக்கல் கம்பெனி மாத்திரையும் மூலக் கம்பெனி மாத்திரையும் ரத்தத்துல ஒரே அளவு ஏறுதா, 80 சதவீதத்துக்கும் 125 சதவீதத்துக்கும் நடுவுல நிக்குதான்னு பார்க்கிற வேலை. நாள் முழுக்க வளர்சிதைமாற்றம்தான். ஆனா உங்க பிரிவுல நான் உறுப்பினர் இல்ல. யாரும் கேட்டதில்ல, அதான் காரணம். ஆஸ்பத்திரியில வலிப்பு மருந்து பெனிட்டோயினோட ரத்த அளவு பார்க்கிற மருந்தாளருங்களையும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அவங்ககிட்ட இருக்கிற கதை எந்தப் பேராசிரியர்கிட்டயும் கிடையாது. பத்து நிமிஷம், ஒரே ஒரு நோயாளி, பேர் ஊர் இல்லாம. அவ்வளவு கேளுங்க போதும்.

அப்புறம் தேதி. போன கூட்டம் ஞாயிறுல வச்சீங்க, இல்லையா? கெடாவுல வெள்ளி சனிதான் லீவு. ஞாயித்துக்கிழமை உங்க ஊர்க்காரங்க எல்லாரும் வேலையில. அதான் 11 பேர்.

---

ஜெராய் அடிவாரம்:

அக்கா, நான் முனைவர் பட்ட மாணவி. 50 வெள்ளி கட்டிச் சேர்ந்தேன். வருஷத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்துச்சு, அதுவும் சந்தா நினைவூட்டல்.

எங்களுக்கு விருது, பை, பேனா எதுவும் வேணாம். மைக்ரோசோம் வேணும், அதாவது மருந்து எப்படி மாறுதுன்னு சோதிக்க கல்லீரல் செல்லுலருந்து பிரிச்செடுத்த, நொதி இருக்கிற துணுக்கு. போன வருஷம் மனிதக் கல்லீரல் மைக்ரோசோம் வெளிநாட்டுலருந்து வரவழைச்சோம். உலர் பனிக்கட்டியில வந்து மைனஸ் 80ல ஏறணும். பெருநாளுக்கு முந்தின வாரக்கடைசி, பார்சல் கிடங்குலயே கிடந்துடுச்சு. திறந்தா பெட்டி லேசா இருக்கு, உள்ள பனிக்கட்டி ஒரு துண்டு கூட இல்ல, குப்பியைச் சாய்ச்சா தண்ணி மாதிரி ஆடுது. சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்லல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. அடுத்த வாரமே பக்கத்துப் பல்கலைக்கழகத்துல அதே குப்பி ரெண்டு சும்மா இருக்குன்னு தெரிய வந்துச்சு. யார்கிட்ட என்ன இருக்குன்னு பிரிவு ஒரு பட்டியல் வச்சிருந்தா என் ஆறு வாரம் மிஞ்சியிருக்கும். ஒண்ணா ஆர்டர் போட்டா அனுப்பற செலவும் ஒரே செலவு.

இன்னொண்ணு, கேத்தும். நம்ம கம்பத்துப் பக்கம் பிளாஸ்டிக் பையில கட்டி விக்கிற அந்த இலைத் தண்ணிதான். 1952 நச்சுப் பொருள் சட்டத்துல வருது, ஆனாலும் குடிக்கிறாங்க. அதுல இருக்கிற மித்ராகைனின் சிப் 2டி6 நொதியை அடக்குது. வலி மருந்தான கோடீனை மார்ஃபினா மாத்தறது அதே நொதிதான். பினாங்குல அறிவியல் பல்கலைக்கழகத்துக்காரங்க கேத்துமை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்றாங்க. முதல் கூட்டத்துக்கு இதைத் தலைப்பா வைங்க, கெடாவுல ஆள் வரலன்னா என்னைக் கேளுங்க.

---

செம்பனைக்காரி, பெடோங்:

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்ன ரெண்டாவது கட்டம் விஷயத்தை மேலிடத்துக்கு எழுதிட்டேன். தனிக் கணக்கு எண்ணத்தை விட்டாச்சு. ஜெராய் தங்கச்சி, உங்க ஆறு வாரத்துக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. பட்டியல் வேலையை இன்னைக்கே ஆரம்பிக்கிறேன். குப்பி பேரு, தேதி, எத்தனை தடவை உறைஞ்சு இளகுச்சு, மூணே மூணு பத்தி. மணி அண்ணே, பாராசிட்டமால் ரெண்டு பேருக்கும் பொது. கூட்டாவே ஒரு நாள் வைப்போம், ஆனா அழைப்பிதழ்ல ரெண்டு பிரிவோட பேரும் தனித்தனியா இருக்கும்.

ஞாயிறு விஷயம் எனக்கே வெக்கமாயிருக்கு. நான் வேலை பாக்கிறது பினாங்குல, வீடு கெடாவுல. வாராவாரம் பாலத்தைத் தாண்டறவளுக்கே தோணல.

இதையெல்லாம் அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். உள்ளே போய்ப் பழைய கோவில் நோட்டை எடுத்துட்டு வந்தார். எங்க மாரியம்மன் கோவில் பத்து நாள் திருவிழாவுக்கு உபயம் எழுதின நோட்டு. முதல் நாள் மேல் டிவிஷன் பால்வெட்டுக்காரங்க, ரெண்டாம் நாள் ஸ்டோர், மூணாம் நாள் லாரி டிரைவருங்கன்னு சிவப்பு மையில கோடு போட்டிருக்கு. கமிட்டி எண்ணெய் மட்டும் வாங்கும். அன்னன்னைக்கு ஆளைக் கூட்டறது, சாப்பாடு, பூ எல்லாம் உபயக்காரங்க பாடு. கமிட்டியில ஆள் இல்லாத வருஷம்கூட திருவிழா நின்னதில்லையாம்.

அதனால திட்டம் இப்படி. ரெண்டு மாசத்துக்கு ஒரு கூட்டம், வருஷத்துக்கு ஆறு. ஒவ்வொண்ணும் ஒரு ஆய்வகமோ ஆஸ்பத்திரியோ எடுத்து நடத்தணும். தலைப்பு அவங்க இஷ்டம், இடம் அவங்களோடது. பிரிவு அழைப்பு அனுப்பும், பட்டியலைப் பார்த்துக்கும். முதல் கூட்டம் கேத்தும், பெடோங்லயே. ரெண்டாவது மருந்தாளருங்க, ஒரு அக்கா வாய்ச்சொல்லா ஒத்துக்கிட்டாங்க. மூணாவதுக்கு இன்னும் ஆள் இல்ல. பினாங்குப் பாலம் அண்ணே, உங்க பேரை எழுதிக்கட்டுமா?

---

பினாங்குப் பாலம்:

உறுப்பினரே ஆகல, அதுக்குள்ள உபயமா? சரி எழுதிக்குங்க. சனிக்கிழமையா இருக்கணும். ரெண்டு மாநிலத்துக்கும் பொது லீவு அது ஒண்ணுதான்.